முயலின் காது எந்தப் பக்கம்

போன மாதம் பல்லை வைத்தியருக்குக் காட்டக் கிளிநொச்சிக்குப் போனவன், வழியில் பழைய அச்சகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பதின்மூன்று வருடம் அந்த அச்சகத்தின் கலண்டருக்குப் படம் எடுத்தவன் நான். என் இடத்துக்கு இப்போது வந்திருப்பவர் பிரதீபன். அவர் தன் போனைத் திறந்து முதல்நாள் மாலை எடுத்த நிலாவைக் காட்டினார். வானம் முழுக்க முகில் என்று அவரே சொன்னார். ஆனால் படத்தில் நிலா கழுவித் துடைத்த தட்டுப் போல இருந்தது. முயலின் மயிரை எண்ணலாம்.

என்ன லென்ஸ் என்று கேட்டேன். லென்ஸ் ஒன்றுமில்லை, வட்டமாக வெளிச்சம் ஒன்றைக் கண்டால் இது நிலா என்று போனுக்குத் தெரியும், தெரியாத இடங்களைத் தன் ஞாபகத்திலிருந்து அதுவே நிரப்பிக்கொள்ளும் என்றார்.

"அப்ப நீர் ஏன் வெளியில போனனீர்?" என்று கேட்டேன்.

அச்சகமே சிரித்தது. கொம்பியூட்டரில் பக்கம் அமைக்கும் நிரோஜினி மட்டும் சிரித்து முடித்த பிறகு, அண்ணை, அந்தத் தை மாத நிலாக் கதையை நீங்களே எழுதித் தாங்கோ, இவையள் நான் சொன்னால் நம்புகினமில்லை என்றாள். அந்தக் கதையில் அவளுக்கும் பங்கு உண்டு. ஆகையால் எழுதுகிறேன்.

தொழில் பழகியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு ஸ்ரூடியோவில் அடையாள அட்டைப் படம் எடுத்தேன். அடையாள அட்டைப் படத்தில் இரண்டு காதும் தெரியவேண்டும். ஆகவே வருகிறவர்களின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காது சமமாக வருகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. றோட்டில் வணக்கம் சொல்கிறவரின் முகம் ஞாபகம் வராது, காது ஞாபகம் வரும். பிறகு இடம்பெயர்ந்தோம், கமரா போனது, திரும்பி வந்தோம். அக்கராயனில் தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் மனைவியின் தமையன் தன் பழைய கமராவை அனுப்பிவைத்தார். அதில் முதல் எடுத்தது, எங்கள் தறப்பாள் கூரையில் வந்து நின்றுகொண்டு இறங்க மறுத்த ஒரு மயிலை. அந்தப் படத்தோடுதான் அச்சகத்துக்கு வேலை கேட்டுப் போனேன்.

முதலாளி அருளம்பலத்தாருக்கு அப்போதே எழுபதுக்குக் கிட்ட. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து வந்த குடும்பம். அவர் வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு அச்சு யந்திரத்தைக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சேட்டு, காதில் பென்சில். படம் பார்க்கும்போது கதிரையில் இருக்கமாட்டார். எழுந்து யன்னலடிக்குப் போய், படத்தை முதலில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். தலைகீழாகப் பார்த்தால் அது மயிலா மாடா என்பது மறந்துபோகும், நிறமும் பாரமும் மட்டும் தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகுதான் நேராகப் பிடிப்பார். நல்லது, கெட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"தம்பி, உது ஒரு மாதம் சுவரில தொங்குமோ?"

மனிதர் சாப்பிடும்போது பார்ப்பார்கள், சண்டை பிடிக்கும்போது பார்ப்பார்கள், காய்ச்சலில் படுத்துக்கிடந்து பார்ப்பார்கள், அத்தனைக்கும் தாங்குமா என்பது அதன் பொருள். என் மயிலை இரண்டு முறை தலைகீழாகவும் ஒரு முறை நேராகவும் பார்த்துவிட்டு, தொங்கும் என்றார். அன்றே வேலைக்குச் சேர்ந்தேன்.

வருடத்துக்குப் பன்னிரண்டு படம். எல்லாம் வன்னிக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பக்கூடிய தூரம்தான் நம்முடைய ஊர் என்பார். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். எங்கள் கலண்டரில் இடது பக்கம் படம், வலது பக்கம் திகதிகள். படத்தில் உள்ள சீவன் எதுவானாலும் திகதிகளைப் பார்த்தபடி நிற்கவேண்டும். வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிற சீவன் அந்த வீட்டில் தங்காது, அதோடு வீட்டுக்காரரின் சீதேவியும் போய்விடும் என்று நம்பினார். சீவன்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஆகவே இடதுபக்கம் பார்க்கிற படமெல்லாம் நிரோஜினியின் கொம்பியூட்டரில் ஒரு சொடுக்கில் வலதுபக்கம் திரும்பிவிடும். கண்ணாடியில் தெரிவது போல.

நானும் ஒன்றும் சொன்னதில்லை. கொக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் கொக்குத்தானே.

ஒருமுறை கொக்கிளாய்க்குப் பூநாரை எடுக்கப் போனேன். களப்புச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து, ஒரு செருப்பைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு, காலை முழுக்க நின்றேன். பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு எனக்குக் கால்களை மட்டும் காட்டின. வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து, உதுகளை இவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள், எங்களை ஒருவரும் எடுக்கிறதில்லையே என்று குறைப்பட்டார். சரி என்று கமராவை அவர் பக்கம் திருப்பினேன். அவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டி முடிக்கவும், அவருக்குப் பின்னால் பூநாரைகள் எல்லாம் ஒன்றாக எழும்பவும் சரியாக இருந்தது. அந்த வருடம் ஆவணி மாதம் முழுக்க வன்னியின் சுவர்களில் இளஞ்சிவப்பு வானமும், மூலையில் பொத்தான் பூட்டுகிற ஒரு மனிதரும் தொங்கினார்கள். அவர் வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தபடியால் திருப்பவேண்டிய தேவை வரவில்லை.

யானையில்தான் முதல் பிசகு. எங்கள் பக்கத்துக் காட்டில் இடது காது கிழிந்த, கொம்பில்லாத ஒரு ஆண் யானை உண்டு. வயல் செய்கிற கமக்காரர் எல்லோருக்கும் அதைத் தெரியும். அது குளத்தில் தண்ணீர் குடிப்பதை எடுத்தேன். இடதுபக்கம் பார்த்து நின்றது, நிரோஜினி திருப்பினாள். கலண்டர் வெளிவந்ததும் கமக்காரர் கூட்டமொன்றில், இதுவரை இடக்காது கிழிந்த யானை ஒன்றுதான் வந்தது, இப்போது வலக்காது கிழிந்ததும் வரத் தொடங்கிவிட்டது, இரண்டு யானைக்கும் சேர்த்து வேலி வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்டாராம். கையில் ஆதாரமாக எங்கள் கலண்டர். நான் இதை அருளம்பலத்தாரிடம் சொன்னேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, திரும்பவும் அதே காதில் வைத்தார். எந்த யானையும் கலண்டரைப் பார்த்து வழக்குப் போடாது என்றார்.

பிறகு எனக்கு வானத்தில் ஆசை வந்தது. தெரிந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு சின்னத் தொலைநோக்கியைத் தந்துவிட்டுப் போனார். கமராவை அதன் வாயில் பொருத்தி, சனியைப் பிடித்தேன். மிளகளவுதான், ஆனால் வளையம் தெளிவாகத் தெரிந்தது. ஓடிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அருளம்பலத்தார் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார், இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சனங்கள் கோயிலில எள்ளெண்ணெய் எரிச்சுப் போ போ எண்டு கும்பிடுகினம். நீர் கொண்டுபோய் வீட்டுக்குள்ள ஒரு மாதம் மாட்டச் சொல்லுறீர்."

அதோடு சனி முடிந்தது. வியாழனுக்கு அனுமதி கிடைத்தது. குருபார்வை யாருக்குக் கசக்கும்? வியாழனும் அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் அதன் நாலு நிலாக்களும் விழுந்த படம் அது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரான கோட்டை நான் கீறியதும் இல்லை. அச்சாகி வந்தபோது வியாழன் தனியே நின்றது. நிரோஜினியிடம் கேட்டேன். வெள்ளையாக நாலு தூசி இருந்தது அண்ணை, துடைச்சிட்டன் என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும் கிட்டத்தட்ட. அருளம்பலத்தார் வந்து இருவரையும் பார்த்து, நாலு பேரும் அடுத்த வருஷம் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி நிலா. நிலாவைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுதான், இருட்டில் இருப்பதால் அதை இருட்டான சாமான் என்று நினைப்பது. நிலா வெயிலில் கிடக்கிற கல். பகலில் ஒரு பாறையை எடுக்கிற கணக்கில் எடுத்தால்தான் முயல் விழும், இல்லாவிட்டால் வெள்ளைப் பணியாரம்தான். இரண்டாவது, முழு நிலவன்று போகக்கூடாது. அன்றைக்கு நிலா எழும்பும்போது சூரியன் போய்விடும், குளமும் மரமும் கறுத்துப்போகும். முதல்நாள் போகவேண்டும். அன்றைக்குச் சூரியன் மேற்கே இருக்கும்போதே நிலா கிழக்கே எழும்பிவிடும், கொஞ்ச நேரத்துக்கு இரண்டு வெளிச்சமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாவது, நிலா பெரிதாகத் தெரியவேண்டுமானால் நிலாவுக்குக் கிட்டப் போகமுடியாது, முன்னால் உள்ள சாமானுக்குத் தூரப் போகவேண்டும். பறவையிலிருந்து விலக விலகப் பறவை சிறுக்கும், நிலா சிறுக்காது. அப்போதுதான் பறவைக்குப் பின்னால் நிலா ஒரு சுளகளவுக்கு வரும்.

ஆகவே நான் அக்கராயன் குளக்கட்டில் பின்புறமாக நடந்தேன். குளத்துக்குள் ஒரு பட்ட மரம் நிற்கிறது. பின்னேரங்களில் அதன் உச்சியில் ஒரு நீர்க்காகம் வந்திருந்து இறகை விரித்துக் காயவிடும். அந்த விரித்த இறகுக்குப் பின்னால் நிலா வரவேண்டும் என்பது என் ஆசை. மரத்தைப் பார்த்தபடி, கமராவின் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் ஒருநாள் பின்புறமாக நடக்கிற மனிதனை ஊர் எப்படிப் பார்க்கும்? என் மனைவியிடம் வந்து விசாரித்தார்கள். ஒருமுறை ஒரு எருமையில் முட்டினேன். அது நகரவில்லை, நான்தான் வயலுக்குள் விழுந்தேன்.

மூன்று வருடம் போயிற்று. முகில் வந்தது. நிலா வந்தபோது நீர்க்காகம் வரவில்லை. இரண்டும் வந்தபோது மரத்தடியில் ஒருவர் தோணி விட்டார். கடைசியில் ஒரு பின்னேரம் எல்லாம் சேர்ந்தன. முக்காலி அசையாமலிருக்க ஒரு பையில் கல்லைப் போட்டு நடுவில் தொங்கவிட்டேன். கைபட்டு நடுங்காமலிருக்க, அழுத்தி இரண்டு செக்கன் கழித்து எடுக்கும்படி கமராவுக்குச் சொல்லிவைத்தேன். செம்மஞ்சள் நிலா, அதற்கு நடுவில் கறுத்த பறவை, விரித்த இறகின் ஓரத்தில் மேற்கு வெயில். பதினொரு படம் எடுத்தேன். எட்டாவது படத்தில் நீர்க்காகம் கழுத்தைத் திருப்பி இடதுபக்கம் பார்த்தது.

அருளம்பலத்தார் அதைத் தலைகீழாகப் பார்க்க மறந்துபோனார். நேராகவே பார்த்தார். "தை மாதத்துக்குப் போடும்" என்று மட்டும் சொன்னார்.

நிரோஜினி திருப்பினாள், சட்டம் சட்டம்தானே. அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தாளை என்னிடம் தந்தார்கள். அதை நான் பார்த்தேன். நீர்க்காகத்தின் கண்ணைப் பார்த்தேன், இறகின் ஒவ்வொரு தூவியையும் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன். கீழே கையெழுத்து வைத்தேன். நிலாவை நான் பார்க்கவில்லை. மூன்று வருடம் காத்திருந்து பிடித்த நிலாவை, கையில் கிடைத்த பிறகு பார்க்கவில்லை.

தை பிறந்து சில நாளில் ஒரு மதியம், கனகராயன்குளத்திலிருந்து பஸ்சில் ஒரு அம்மா வந்து இறங்கினார். செல்லம்மா என்று பெயர். சின்ன வயதில் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கச்சான் கடலையும் மரவள்ளியும் பயிர் செய்கிறவர். பன்றியும் யானையும் தோட்டத்துக்குள் இறங்காமல் மரக்கொட்டிலில் ஏறியிருந்து காவல் பார்ப்பதும் அவர்தான். கையில் சுருட்டிய கலண்டர். மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கையில் கிடைத்ததை எல்லாம் பாரமாக வைத்தார்.

"ஐயா, இது பழுதானதா வந்திருச்சிங்க. நல்லதா ஒன்னு மாத்திக் குடுங்க."

அருளம்பலத்தார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிழியவில்லை, மை பூசுப்படவில்லை. என்ன பழுது என்று கேட்டார்.

"நெலாவுல முயல் மாறியிருக்குங்க. எழும்புற நெலாவுல காது மேல இருக்கும், தெக்குப் பக்கமா சாஞ்சிருக்கும். இதுல வடக்க சாஞ்சிருக்கு."

பக்கத்தில் நின்றபடி நானும் மேசைக்கு மேல் குனிந்தேன். நான் பார்த்தேன். காது வடக்கேதான் சாய்ந்திருந்தது. அருளம்பலத்தார் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நிலா எழும்பும்போது ஒரு மாதிரியும் படும்போது வேறு மாதிரியும் இருக்கும், இது விடியற்காலையில் படுகிற நிலா என்று விளக்கம் கொடுத்தார்.

செல்லம்மா பொறுமையாகக் கேட்டார். படுகிற நிலாவில் முயல் தலைகீழாக நிற்கும் என்றார். வேண்டுமானால் பாருங்கள் என்று பாரங்களை எடுத்துவிட்டுக் கலண்டரை மேசையில் சுற்றினார். காது கீழே வந்தது, ஆனால் மறுபடி பிழையான பக்கம். இன்னும் கொஞ்சம் சுற்றினார். எப்படிச் சுற்றியும் அந்த முயல் நம் வானத்து முயலாக வரவில்லை. அருளம்பலத்தார் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

பிறகு, கட்டிவைத்திருந்த அடுக்கிலிருந்து வேறொரு கலண்டரை உருவிக் கொடுத்தார். செல்லம்மா விரித்துப் பார்த்து, இதுவும் பழுது என்றார். இன்னொன்று கொடுத்தார். அதுவும். நாலாவதை அவரே குனிந்து எடுத்தார். கடைசியில் நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, எங்களுக்காக ஒரு கவலை இருந்தது.

"எல்லாமே இப்பிடித்தானுங்களா?"

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "ஐயா, நான்தான் பாத்துக் கையெழுத்து வைச்சனான்" என்றேன். நிரோஜினி தன் இடத்திலிருந்து எழுந்து, திருப்பினது நான் என்றாள். அருளம்பலத்தார் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. செல்லம்மாவிடம், உங்களுக்கு நல்லது ஒன்று வரும் அம்மா, நான் அனுப்புகிறேன் என்றார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, பஸ்சுக்கு நேரம் பார்த்து அனுப்பிவைத்தோம்.

சிரிக்கலாம், ஆனால் அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கலண்டர் என்பது படம் மட்டும் அல்லவே. அமாவாசை விரதமும் பௌர்ணமிப் பறுவ நாளும் திருவிழாவும் திவசமும் அதைப் பார்த்துத்தான். நிலாவையே பிழையாக அடித்தவன் அமாவாசையைச் சரியாக அடித்திருப்பானா? இரண்டு நாளில் ஒரு கடைக்காரர் அதையே கேட்டுப் போன் எடுத்தார். தகப்பனின் திவசத் திகதியைச் சரிபார்க்க வேறொரு கலண்டர் வாங்கியதாக இன்னொருவர் சொன்னார். படத்தையே இணையத்திலிருந்து எடுத்துப் போட்டார்களாம், எங்கள் ஊர் நிலாவே இல்லையாம் என்றும் கதை கிளம்பியது. அந்தக் கதைதான் எனக்குச் சுட்டது. எருமையில் முட்டி விழுந்து எடுத்த நிலா!

மூன்றாம் நாள் பின்னேரம், வேலை முடிகிற நேரம், அருளம்பலத்தார் தை மாதப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு அச்சகத்தின் பின்வளவுக்குப் போனார். கிழக்கே நிலா எழும்பியிருந்தது. நானும் நிரோஜினியும் யன்னலால் பார்த்தோம். பக்கத்தை நிலாவுக்கு நேரே பிடித்தார். சரித்தார். தலைகீழாக்கினார். பிறகு பக்கத்தை அசைக்காமல் தன் தலையைச் சரித்தார். எழுபது கடந்த மனிதர், வெள்ளைச் சேட்டு, கழுத்து ஒரு பக்கம். கடைசியில் களைத்துப்போய்க் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், ரியூப்லைற்றுக்குக் கீழே பக்கத்தைத் தற்செயலாகத் தூக்கினார். முதுகுப் பக்கம் அவர் முகத்தைப் பார்த்திருந்தது. தாளை ஊடுருவி வெளிச்சம் வந்தது. காது தெற்கே சாய்ந்திருந்தது.

"பின்னால இருந்து பாத்தால் சரி" என்றார். பிறகு கதிரையில் இருந்தார். "என்ர ஒரு விசர் நம்பிக்கைக்கு ஊரில உள்ள சீவனெல்லாத்தையும் திருப்பிப்போட்டன். யானை சொல்லிச்சுது, நான் கேக்கேல்லை."

அடுத்த நாளே ஒரு சிறு துண்டு அச்சடித்தோம். வாசகம் அவருடையது, ஒரு எழுத்தும் மாற்ற விடவில்லை: 'தை மாதப் பக்கத்து நிலா எங்கள் தவறினால் இடம்வலம் மாறி அச்சாகியுள்ளது. சரியான நிலாவைக் காண விரும்புவோர் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கவும். திகதிகள் அனைத்தும் சரியானவை.'

கடை கடையாக அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். எனக்கு அது தண்டனை என்றுதான் நினைத்தேன். ஆனால் சனம் துண்டை வாசித்துவிட்டுக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு கண்ணாடிக்கு ஓடியது. அட, சரிதான் என்றது. பிறகு பின்னேரம் முற்றத்தில் நின்று உண்மையான நிலாவைப் பார்த்துச் சரிபிடித்தது. முயலுக்குக் காது எந்தப் பக்கம் என்று வன்னியில் அவ்வளவு பேர் ஒரே மாதத்தில் பார்த்தது அதற்கு முன் நடந்திருக்காது. சலூன்காரர்களுக்குத்தான் பெரும் கொண்டாட்டம். அவர்களுக்கு முன்சுவரில் கண்ணாடி, பின்சுவரில் எங்கள் கலண்டர். முடி வெட்ட இருக்கிறவர் நிமிர்ந்தால் சரியான நிலாவும், அதற்குப் பக்கத்தில் ஒருவராலும் வாசிக்க முடியாத திகதிகளும் தெரியும். பங்குனி பிறந்த பிறகும் சில சலூன்களில் தைப் பக்கம் கிழிக்கப்படவில்லை. அமாவாசை பற்றி அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. திகதியை மாற்றிவிட்டோம் என்று சந்தேகிக்கிறவன், நிலாவை மாற்றினோம் என்று எழுதிக் கொடுத்தவனை என்ன கேட்பது?

செல்லம்மாவுக்குச் சொன்ன வாக்கு மிச்சமிருந்தது. நிரோஜினி படத்தைத் திருப்பாமல், நான் எடுத்தபடியே, நல்ல தாளில் ஒன்று அடித்துத் தந்தாள். தபாலில் போடலாம் என்றேன். அருளம்பலத்தார் மறுத்தார். பங்குனிப் பறுவத்துக்கு முதல்நாள், அதுவரை யாருடைய மோட்டார் சைக்கிளிலும் ஏறாத மனிதர், என் பின்னால் ஏறிக் கனகராயன்குளம் வந்தார். வழி முழுக்க, மெதுவாகப் போம் தம்பி என்று என் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கமராவையும் முக்காலியையும் நான் பழக்கத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

செல்லம்மா படத்தை வாங்கி, முற்றத்து வெளிச்சத்தில் பிடித்து, முதலில் காதைத்தான் பார்த்தார். தலையாட்டினார். பிறகு பறவையைப் பார்த்துச் சிரித்தார். அவித்த மரவள்ளியும் சம்பலும் தந்தார். ஏழு மணிக்கு மேல் அந்தப் பாதையில் யானை இறங்கும், அதற்கு முன் றோட்டுக்குப் போய்விடுங்கள் என்று சாப்பிடும்போதே இரண்டு தரம் சொன்னார்.

அப்போது தோட்டத்துக்கு மேலே நிலா வந்தது. சும்மா இருக்கமுடியாமல் முக்காலியை விரித்தேன். கமராவின் பின்திரையில் பெருப்பித்து, முயலின் காது மட்டும் நிறைய வரும்படி வைத்துவிட்டு, ஐயா பாருங்கோ என்றேன். இவ்வளவு வருடம் என் படங்களை எடைபோட்ட மனிதர் ஒருநாளாவது என் கமராவுக்குள் பார்த்ததில்லை என்பது எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பயந்து பயந்து குனிந்தார்.

பிறகு சடாரென்று நிமிர்ந்தார்.

"நான் ஒண்டையும் தொடேல்லை. அது போகுது."

திரையிலிருந்து நிலா மெல்ல வழுகிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெருப்பித்துப் பார்த்தால் அப்படித்தான், நிலா நிற்காது, பூமி சுற்றுவது கண்ணுக்குத் தெரியும் என்றேன். முக்காலியின் கைபிடியைத் திருப்பிக் காதைத் திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். குனிந்தார். அது போய் முடியும்வரை பார்த்தார். திரும்பவும் பிடியும் என்றார். பிடித்தேன். போயிற்று. இன்னொருக்கால் என்றார்.

ஏழு மணி ஆகிவிட்டது என்று செல்லம்மா ஞாபகப்படுத்தினார். அருளம்பலத்தார் அசையவில்லை. யானை வரும் என்று செல்லம்மா திரும்பவும் சொன்னார். ஓம் அம்மா, இந்தா வாறம் என்றார் அவர், கண்ணை எடுக்காமல். வந்தா அதுக்கும் காட்டுங்க என்று சொல்லிவிட்டுச் செல்லம்மா காவலுக்கு நெருப்பு மூட்டப் போனார்.

ஒன்பது முறை நான் நிலாவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். பத்தாம் முறை அவர் என்னைக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, கைபிடியைத் தானே பிடித்து, நிலா போகிற பக்கம் மெல்லத் திருப்பினார்.